அஞ்சுதெங்கு முதல் ஷெர்பூர் வரை: 'அலபாமா' ஏன் மூழ்கியது?

1864 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒரே வட்டத்தில் சுழன்றபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுட்டுக்கொண்டன. வடக்கு அரசின் 'கியர்சார்ஜ்' தப்பியது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்குக் கூட்டமைப்பின் 'அலபாமா' பகல் 12.24 மணிக்கு மூழ்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பேசும்போதெல்லாம் இரண்டு கேப்டன்களின் வீரக் கதையாகவே இது சொல்லப்படுகிறது. யார் துணிந்தவர், யார் குறி தவறாதவர், யார் தந்திரக்காரர் என்று.

பாறசாலைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையை நான் ஆய்வுப் பாடமாக வைக்கிறேன். காரணம் எளியது. அலபாமா நம் கடலுக்கு வந்த கப்பல். மூழ்குவதற்கு ஐந்து மாதம் முன்பு மலபார் கரையோரம் ஒரு வணிகக் கப்பலை எரித்துவிட்டு, அதில் பிடித்த கைதிகளை அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, நீரோடியிலிருந்தும் தூத்தூரிலிருந்தும் நம் மீனவர்கள் கடந்துபோகும் அதே கடல். ஷெர்பூரில் நின்று பார்த்தால் இந்தத் தோல்வி அரைகுறையாகத்தான் புரியும். அஞ்சுதெங்கில் நின்று பார்த்தால் ஐந்து மாதம் முன்பே அது தொடங்கிவிட்டது தெரியும்.

கப்பலும் அதன் தொழிலும்

அலபாமா பிறந்தது இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்க்கன்ஹெட்டில், லேர்டு கப்பல் பட்டறையில். பட்டறைக் கணக்கில் அதற்கு 290 என்ற எண் மட்டும்தான். இங்கிலாந்து நடுநிலை நாடு. சண்டையிடும் தரப்புக்குப் போர்க்கப்பல் ஆயத்தம் செய்துகொடுப்பது அதன் சட்டப்படி குற்றம். ஆகவே 1862 மே மாதம் 'என்ரிக்கா' என்ற பெயரில் நீரில் இறங்கிய கப்பல், ஜூலை 29 அன்று சோதனை ஓட்டம் என்று சொல்லிக் கிளம்பியது, திரும்பவே இல்லை. அசோர்ஸ் தீவுகளுக்குப் போய் அங்கே பீரங்கிகளை ஏற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 24 அன்று தெற்கின் கொடி ஏறியது. மாலுமிகளில் பெரும்பகுதி லிவர்பூல்காரர்கள், அதிகாரிகள் தெற்கத்தியர்கள்.

அதன் வேலை வடக்கின் வணிகக் கப்பல்களைப் பிடிப்பது. இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய 65 கப்பல்களைப் பிடித்தது, பெரும்பாலானவற்றை எரித்தது. அந்தக் கப்பல்களில் இருந்தவர்களை அது கொல்லவில்லை, இறக்கிவிட்டது. பயந்துபோன அமெரிக்க முதலாளிகள் கப்பல்களைப் பிரிட்டிஷ் கொடிக்கு மாற்றினார்கள், அல்லது துறைமுகத்திலேயே கட்டிப்போட்டார்கள். 1863 டிசம்பரில் அலபாமா சிங்கப்பூருக்குள் நுழைந்தபோது அங்கே அமெரிக்கக் கப்பல்கள் சரக்கு கிடைக்காமல் வரிசையாக நின்றன. அலபாமா கண்ணில் படவே வேண்டாம், பெயரே போதும் என்ற நிலை.

ஒரு போர்க்கப்பலோடும் அது மோதியிருக்கிறது. 1863 ஜனவரி 11 அன்று டெக்சாஸ் கரையோரம் வடக்கின் 'ஹாட்டரஸ்' கப்பலை 13 நிமிடத்தில் மூழ்கடித்தது. ஹாட்டரஸ் பயணிகள் கப்பலாக இருந்து மாற்றப்பட்டது, பக்கச் சக்கரத்தில் ஓடுவது, பீரங்கிகளும் சிறியவை. அந்த 13 நிமிடம் அலபாமாவின் மனத்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கும் என்பதை ஷெர்பூர் முடிவைப் படிக்கும்போது மறக்கக்கூடாது.

மலபார் கரை, 1864 ஜனவரி

சிங்கப்பூரை விட்ட அலபாமா மலாக்கா நீரிணையில் மூன்று கப்பல்களை எரித்தது. அதில் ஒன்று 'மார்த்தபான்'. அமெரிக்கக் கப்பலாக இருந்து அண்மையில்தான் பிரிட்டிஷ் கொடிக்கு மாறியது. கொடி மாற்றம் கண்துடைப்பு என்று கேப்டன் முடிவுகட்டித் தீ வைத்தார். பிறகு இலங்கையைச் சுற்றி மேற்கே வந்து, ஜனவரி 14 அன்று மலபார் கரைக்கு வெளியே 'எம்மா ஜேன்' என்ற மெய்ன் மாநிலக் கப்பலைப் பிடித்து எரித்தது. பம்பாயிலிருந்து பர்மா பக்கம் போய்க்கொண்டிருந்த கப்பல் அது.

ஏன் எரிக்க வேண்டும்? பிடித்த கப்பலைத் தன் நாட்டுத் துறைக்குக் கொண்டுபோய், நீதிமன்றத்தில் உரிமை நாட்டி, விற்றுக் காசாக்குவதுதான் அந்தக் காலப் போர்வழக்கம். தெற்கின் துறைமுகங்களை 1861 ஏப்ரலில் லிங்கன் முற்றுகையிட உத்தரவிட்டுவிட்டார். நடுநிலைத் துறைகளுக்கும் கொண்டுபோக முடியாது. பிடிபட்ட கப்பல்கள் பிரிட்டிஷ் துறைகளுக்குள் வரக்கூடாது என்று 1861 ஜூனிலேயே லண்டன் அறிவித்துவிட்டது. கொச்சி, பம்பாய், சிங்கப்பூர், கேப் டவுன் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆகவே எரிப்பதைத் தவிர வழியில்லை.

ஆனால் மனிதர்களை எரிக்க முடியாதே. பிடிபட்டவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும், காவல் வேண்டும். இரண்டொரு நாளில் அலபாமா அஞ்சுதெங்குக்கு வந்து அவர்களைக் கரையில் இறக்கியது. திருவிதாங்கூருக்கு நடுவே அஞ்சுதெங்கு ஒரு பிரிட்டிஷ் துண்டு நிலம். 1690களில் ஆற்றிங்கல் ராணியின் இசைவோடு கம்பெனி கோட்டை கட்டிய இடம். 1721 கலகத்தில் அந்தக் கோட்டையின் ஆங்கிலேயர்கள் வெட்டப்பட்ட வரலாறும் அதற்கு உண்டு. பின்னாளில் சில காலம் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்த்து ஆளப்பட்டது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இன்றும் வியப்பு.

அஞ்சுதெங்கைப் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று உடனே புரியும். அங்கே துறைமுகம் கிடையாது. திறந்த கடல், அலை உடைகிற மணற்கரை. பெரிய கப்பல் வெளியே நிற்கும். வள்ளத்தில்தான் ஆள் இறங்க வேண்டும். ஆளை இறக்கலாம், தேங்காயும் தண்ணீரும் ஏற்றலாம். கப்பலைப் பழுது பார்க்க முடியாது. உலகத்தின் எந்தக் கரையிலும் அலபாமாவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இதே மரியாதைதான்.

எதைக் கொள்ளையடிக்க முடியும், எதை முடியாது

இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வகுப்பில் நான் பலகையின் நடுவே ஒரு கோடு போடுவேன். பிடித்த கப்பலிலிருந்து அலபாமா எடுத்துக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம்: மாவு, உப்பிட்ட இறைச்சி, காப்பி, கயிறு, பாய்த்துணி, நேரம் காட்டும் கப்பல் கடிகாரங்கள், சில சமயம் நிலக்கரி. எடுத்துக்கொள்ள முடியாதவை மறுபக்கம்: பீரங்கிக் குண்டு, வெடிமருந்து, குண்டுக்குள் வைக்கும் திரி, கப்பலின் அடியில் அடிக்கும் செம்புத் தகட்டை மாற்றக் கரை, கொதிகலனைத் திறந்து சுரண்டப் பட்டறை. வணிகக் கப்பல் எதுவும் முதல் பக்கத்துப் பொருளைத்தான் சுமக்கும். இரண்டாவது பக்கத்துக்குச் சொந்தத் துறைமுகம் வேண்டும்.

நடுநிலைத் துறைகளின் விதி இன்னும் இறுக்கம். 1862 ஜனவரியில் பிரிட்டன் விதித்த கட்டுப்பாட்டின்படி சண்டையிடும் தரப்பின் போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். அவசரப் பழுதுக்கும் உணவுக்கும் மட்டும் விலக்கு. தன் நாட்டின் அருகிலுள்ள துறைக்குப் போய்ச்சேரும் அளவே நிலக்கரி. ஒருமுறை ஏற்றினால் மூன்று மாதத்துக்குப் பிரிட்டிஷ் துறை எதிலும் மறுபடி கிடையாது. அதிகாரிகள் சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டார்கள். கேப் டவுன் மக்கள் அலபாமாவைக் கரையில் கூடி நின்று வரவேற்றார்கள். ஆனாலும் கப்பலை மேலே ஏற்றி அடியைத் திறந்து பார்க்கிற வசதி அந்த 22 மாதத்தில் ஒருநாளும் கிடைக்கவில்லை.

தூத்தூரில் ஆழ்கடல் விசைப்படகு ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அண்ணே, ரெண்டு வருசம் கரையில ஏத்தாம ஒரு போட்டை ஓட்ட முடியுமா?" என்றேன்.

"ஓடும் மக்கா, ஓடாம என்ன? ஆனா நீ நெனைக்கிய ஓட்டம் இருக்காது. போட்டுக்க அடியில பாசியும் சிப்பியும் புடிச்சா டீசலை ரெட்டிப்பாத் திங்கும், வேகம் வராது. தொரத்துறவன் கையில மாட்டாம இருக்கணும்னா மொதல்ல அடியப் பாக்கணும்."

அலபாமாவின் கேப்டன் பிற்பாடு எழுதியதும் இதையேதான். செம்புத் தகடுகள் தளர்ந்து தொங்கின, கொதிகலன்கள் அரித்துப்போயிருந்தன. புதிதாக இருந்தபோது நீராவியும் பாயும் சேர்த்து 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகம் ஓடிய கப்பல் இப்போது தளர்ந்துவிட்டது.

வெடிமருந்தின் கதை இன்னும் மோசம். நன்னம்பிக்கை முனை, சுந்தா நீரிணை, சிங்கப்பூர், மலபார், கொமொரோ தீவுகள் என்று வெப்பக் கடலில் அலைந்த மருந்து. ஈரம் ஏறினால் மருந்து எரியும் வேகம் குறையும். திரி நேரத்துக்குப் பிடிக்காது. 1864 ஏப்ரல் 23 அன்று பிரேசிலுக்கு அப்பால் 'ராக்கிங்ஹாம்' என்ற கப்பலைப் பிடித்து, அதையே இலக்காக வைத்துச் சுட்டுப் பழகினார்கள். கப்பல் மேல் பட்ட குண்டுகளில் சில வெடிக்கவே இல்லை. அபாய மணி அன்றே அடித்துவிட்டது. மாற்ற மருந்து இல்லாதபோது மணியைக் கேட்டு என்ன செய்ய? இன்னொன்றும் உண்டு. இருக்கிற குண்டைச் சேமிக்க வேண்டியிருந்ததால் பீரங்கிக்காரர்களுக்குச் சுட்டுப் பழகும் வாய்ப்பும் குறைவு. மருந்தும் கெட்டது, கையும் பழகவில்லை.

இரண்டு கேப்டன்கள்

அலபாமாவின் ராஃபேல் செம்ஸ், கியர்சார்ஜின் ஜான் வின்ஸ்லோ. இருவரும் உள்நாட்டுப் போருக்கு முன்பு ஒரே அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர்கள். 1840களின் மெக்சிகோ போரில் இருவரும் தத்தம் சிறு கப்பலை இழந்தார்கள். செம்ஸின் 'சோமர்ஸ்' புயலில் கவிழ்ந்தது, வின்ஸ்லோவின் கப்பல் பாறைத்திட்டில் ஏறியது. பிறகு ஒரே கப்பலில் ஒரே அறையில் தங்கினார்கள். தெற்கின் தளபதியான செம்ஸ் பிறந்தது வடக்கோடு நின்ற மேரிலாந்தில். வடக்கின் தளபதியான வின்ஸ்லோ பிறந்தது தெற்கோடு போன வட கரோலினாவில். பிறந்த மண் அல்ல, அடிமை முறை பற்றிய எண்ணமே இவர்களைப் பிரித்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். செம்ஸ் வழக்கறிஞர், நன்றாக எழுதுகிறவர், அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். வின்ஸ்லோ அதை வெறுத்தவர். ஒரு கண்ணில் பார்வைக் கோளாறும் உடல்நலக் குறைவுமாகக் கப்பலை நடத்தினார்.

செம்ஸ் ஏன் சண்டைக்குப் போனார்

1864 ஜூன் 11 அன்று அலபாமா ஷெர்பூருக்குள் நுழைந்தது. பழுது பார்க்கும் பட்டறை பிரெஞ்சுக் கடற்படைக்குச் சொந்தம்; பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அனுமதி வேண்டும். அவர் பாரிஸில் இல்லை. பாரிஸிலிருந்த அமெரிக்கத் தூதர் டேட்டன் தந்தி கொடுத்தார். நெதர்லாந்தில் நின்ற கியர்சார்ஜ் ஜூன் 14 அன்று ஷெர்பூருக்கு வந்துவிட்டது. உள்ளே நங்கூரம் போட்டால் 24 மணி நேர விதி தன்னையே கட்டிவிடும் என்பதால் வின்ஸ்லோ வெளியே நின்று காத்தார்.

செம்ஸ் முகவர் வழியாகச் செய்தி அனுப்பினார்: நிலக்கரி ஏற்றியதும் சண்டைக்கு வருகிறேன், போய்விட வேண்டாம் என்று. இது வெறும் கௌரவம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. வணிகக் கப்பலைத்தான் பிடிப்பார், போர்க்கப்பலைக் கண்டால் ஓடுவார் என்ற ஏச்சு அவரைக் குத்தியது உண்மைதான். ஆனால் அதைவிடக் கனமான காரணம் அவருடைய பழைய அனுபவத்தில் இருக்கிறது. அலபாமாவுக்கு முன்பு செம்ஸ் நடத்திய 'சம்ட்டர்' 1862இல் ஜிப்ரால்டரில் கொதிகலன் பழுதோடு மாட்டிக்கொண்டது. வெளியே காவல் நின்ற வடக்குக் கப்பல்களில் ஒன்று இதே கியர்சார்ஜ். சம்ட்டரை அங்கேயே விட்டுவிட்டு செம்ஸ் வேறு கப்பலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. கப்பல் பிறகு விற்கப்பட்டது. ஷெர்பூரில் நாள் கடத்தினால் இன்னும் வடக்குக் கப்பல்கள் வந்து சேரும், அலபாமாவும் சம்ட்டர் போலத் துறையிலேயே முடியும். ஒரே ஒரு கப்பல் நிற்கிறபோது வெளியேறுவது கணக்குப்படி தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். தன் வெடிமருந்தின் நிலையைத் தெரிந்துகொண்டே வெளியேறியதுதான் தவறு. மாற்ற வழியிருந்தும் மாற்றாமல் போனார் என்று குற்றம் சாட்டவும் முடியாது. இரண்டு கெட்ட வழிகளில் ஒன்றைத் தேர்ந்தார்.

அந்த ஒரு மணி நேரம்

காலையில் பிரெஞ்சு இரும்புக்கவசக் கப்பல் 'கூரோன்' மூன்று மைல் எல்லை வரை அலபாமாவோடு வந்தது. குன்றுகளிலும் கூரைகளிலும் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. ஆங்கிலேயப் பணக்காரர் ஜான் லங்காஸ்டரின் உல்லாசப் படகு 'டீர்ஹவுண்ட்'டும் பின்னாலேயே போனது. அதுவும் லேர்டு பட்டறையில் பிறந்ததுதான். கியர்சார்ஜில் ஞாயிறு வழிபாடு நடந்துகொண்டிருந்தது. வின்ஸ்லோ பைபிளை மூடிவிட்டுக் கப்பலைக் கடலுக்குள் செலுத்தினார். ஓடுகிறார் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் அலபாமா திரும்பித் தப்பாத தூரம் வரை இழுத்துப் போய், பிறகு திரும்பினார்.

10.57 மணிக்கு அலபாமா முதலில் சுட்டது. தொலைவு ஒரு மைலுக்கும் மேல். குண்டுகள் உயரமாகப் போயின. கியர்சார்ஜ் சுடாமல் நெருங்கி வந்து பிறகே தொடங்கியது. அலபாமாவின் பின்புறம் வந்து நீளவாக்கில் சுட வின்ஸ்லோ முயன்றார். செம்ஸ் இடம் கொடுக்காமல் திருப்பினார். இருவரும் வலப்பக்கத்தைக் காட்டியபடியே திரும்பியதால் பாதை வட்டமானது. ஏழு சுற்று. நீரோட்டம் அந்த வட்டத்தையே மேற்கே தள்ளிக்கொண்டு போனது.

அலபாமாவில் 8 பீரங்கி, கியர்சார்ஜில் 7. எண்ணிக்கை ஏமாற்றும். கியர்சார்ஜின் இரண்டு டால்கிரன் பீரங்கிகள் 11 அங்குல வாய் கொண்டவை. அவை வீசும் குண்டு ஒன்று ஏறக்குறைய 60 கிலோ. அந்த இரண்டையும் நீர்மட்டத்துக்குக் குறிவைக்க வின்ஸ்லோ சொல்லியிருந்தார். சிறு பீரங்கிகளின் வேலை மேல்தளம். அலபாமா 370 தடவை சுட்டதாகக் கணக்கு. கியர்சார்ஜ் மேல் பட்டவை 28. கியர்சார்ஜ் சுட்டது 173 தான். ஆனால் அந்த 11 அங்குலக் குண்டுகள் அலபாமாவின் பக்கவாட்டைத் திறந்து உள்ளே போய் வெடித்தன. கடல்நீர் இயந்திர அறைக்குள் ஏறி அடுப்பை அணைத்தது. செம்ஸ் கரைப் பக்கம் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. அலபாமாவின் கொடி இறங்கிய பிறகும் கியர்சார்ஜிலிருந்து சில குண்டுகள் பாய்ந்தன. எதிரி மறுபடி சுட்டதால்தான் என்றது ஒரு தரப்பு, சரணடைந்த கப்பலைச் சுட்டார்கள் என்றது மறு தரப்பு. இரண்டு தரப்பும் சாகும்வரை ஒத்துக்கொள்ளவில்லை.

அலபாமாவில் 9 பேர் சண்டையில் மாண்டார்கள்; அதற்கும் மேலான எண்ணிக்கையில் நீரில் மூழ்கினார்கள். கியர்சார்ஜில் காயம் 3 பேருக்கு. அவர்களில் வில்லியம் கௌயின் என்ற மாலுமி பிறகு இறந்தார்.

சங்கிலியா காரணம்?

போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அப்போ அந்தச் சங்கிலி வச்சது ஏமாத்து வேலைதானே?" செம்ஸும் சாகும்வரை அதையேதான் சொன்னார். கியர்சார்ஜின் பக்கவாட்டில், இயந்திரம் இருக்கிற நடுப்பகுதியில், 120 பாகம் (ஒரு பாகம் ஆறடி) நீளமுள்ள நங்கூரச் சங்கிலியை மேலும் கீழுமாகத் தொங்கவிட்டு, அதன்மேல் பலகை அடித்துக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். துணைத்தளபதி தார்ன்டனின் யோசனை. சண்டைக்கு ஓராண்டு முன்பே அசோர்ஸில் செய்தது. பலகைக்குள் கவசத்தை மறைத்து ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை போட்டது வஞ்சகம் என்பது செம்ஸின் வாதம்.

இதை ஆதாரத்தோடு எடைபோட வேண்டும். கியர்சார்ஜின் மருத்துவர் பிரவுன் எழுதிய கணக்கின்படி சங்கிலியில் பட்டவை இரண்டே. இரண்டும் 32 பவுண்டுப் பீரங்கியின் குண்டுகள்; நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே பட்டவை. சங்கிலி இல்லாமலிருந்தாலும் அவை கப்பலை மூழ்கடித்திருக்காது. அலபாமாவின் துணைநிலை அதிகாரி ஆர்தர் சின்க்ளேர், சங்கிலி விஷயம் செம்ஸுக்கு முன்பே தெரியும் என்று பின்னாளில் எழுதினார். செம்ஸிடமும் சங்கிலி இருந்தது. ஷெர்பூரில் தொங்கவிட நாலு நாள் இருந்தது. போரில் கவசம் போடுவது குற்றமும் அல்ல. சங்கிலி ஒரு முன்யோசனை. முடிவை மாற்றியது அதுவல்ல.

முடிவை மாற்றியிருக்கக்கூடியது ஒரே ஒரு குண்டு. அலபாமாவின் பெரிய பிளேக்லி பீரங்கி வீசிய குண்டு கியர்சார்ஜின் சுக்கானைத் தாங்கும் பின்தூணில் போய்ச் சொருகியது. சுக்கானைத் திருப்ப நாலு ஆள் தேவைப்படும் அளவுக்கு இறுக்கிவிட்டது. ஆனால் வெடிக்கவில்லை. குண்டோடு அறுத்தெடுத்த அந்தத் தூண் துண்டு இன்றும் வாஷிங்டன் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெடித்திருந்தால் கியர்சார்ஜ் திருப்ப முடியாமல் நின்றிருக்கும் என்பது செம்ஸ் தரப்பின் ஏக்கம். அதிர்ஷ்டக் கணக்கில் இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை. குறி சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டு ஈரம் குடித்த மருந்தும் திரியும் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்.

துறை ஏன் கிடைக்கவில்லை

இங்கே நிறுத்திவிட்டால் பாதி ஆய்வுதான். சொந்தத் துறை இல்லாததால் தோற்றது சரி. உலகத்தில் ஒரு நாடாவது தெற்கை அங்கீகரித்திருந்தால் துறை கிடைத்திருக்குமே? பிரிட்டனுக்குப் பருத்தி வேண்டியிருந்தது. அமெரிக்கப் பருத்தி நின்றதால் லங்காஷயர் ஆலைகள் மூடின. பம்பாயில் விலை எகிறியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் தூத்துக்குடியில் கிராக்கி வந்தது. அவ்வளவு தேவையிருந்தும் லண்டன் அங்கீகரிக்கவில்லை. போரின் போக்கைப் பார்த்துத் தயங்கியது ஒரு காரணம். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த பிறகு, அடிமை முறைக்காகப் போரிடும் அரசுக்குக் கைகொடுப்பது பிரிட்டிஷ் அரசுக்கு உள்நாட்டிலேயே கடினமாகிவிட்டது. அலபாமாவுக்குத் துறை மறுக்கப்பட்டதற்கும் அலபாமா எதற்காகப் போரிட்டதோ அதற்கும் இடையே நேர்க்கோடு போடலாம்.

நம் மண்ணின் பிள்ளைகளுக்கு இது தொலைவான விஷயமே அல்ல. 1855இல்தான் திருவிதாங்கூரில் அடிமைகளுக்கு விடுதலை என்ற அரச விளம்பரம் வந்தது. மேலாடை உரிமைக்கான விளம்பரம் வந்தது 1859இல். அலபாமா அஞ்சுதெங்கில் நின்றபோது, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வயல்களில் முன்பு விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் இருந்த மனிதர்கள் உயிரோடு இருந்தார்கள். அஞ்சுதெங்கோ பிரிட்டிஷ் நிலம். அங்கே 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டப்படி ஒரு மனிதன் மேல் அடிமை உரிமை கோரி எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது.

அந்தக் கரைக்கு முன்னால் நின்ற கப்பலில் டேவிட் ஒயிட் என்ற கறுப்பின இளைஞன் இருந்தான். 1862 அக்டோபரில் 'டொனவாண்டா' என்ற பயணிகள் கப்பலைப் பிடித்தபோது, டெலாவேர் மாநிலத்துக்காரர் ஒருவரின் அடிமையாக அதில் பயணம் செய்துகொண்டிருந்த பதின்வயதுப் பையன். டெலாவேர் வடக்கோடு நின்ற மாநிலம். ஆகவே எதிரியின் சொத்து என்று சொல்லி செம்ஸ் அவனை எடுத்துக்கொண்டார். அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் வேலை. அவன் மகிழ்ச்சியாக இருந்தான், துறைகளில் கரைக்குப் போய்த் தானாகவே திரும்பி வந்தான் என்று செம்ஸ் எழுதிவைத்தார். அது பிடித்து வைத்தவரின் சாட்சியம். அப்படித்தான் அதை வாசிக்க வேண்டும். ஷெர்பூரில் கப்பல் மூழ்கியபோது டேவிட் ஒயிட்டுக்கு நீந்தத் தெரியவில்லை. இறந்துபோனான். காயம்பட்டவர்களை விட்டு வராத ஆங்கிலேய மருத்துவர் லெவெலினும் அப்படியே மூழ்கினார். அவர் பெயருக்கு இங்கிலாந்தில் நினைவுச்சின்னம் எழுந்தது.

எதிர்க்கப்பலில் ஜோக்கிம் பீஸ் என்ற கறுப்பின மாலுமி இரண்டாம் எண் பீரங்கிக்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தார். அன்றைய சண்டைக்காகக் கியர்சார்ஜில் 17 பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது. அவர்களில் ஒருவர் பீஸ். இரண்டு கப்பல்களையும் ஒப்பிடப் பீரங்கி அளவை மட்டும் எழுதிக்கொடுக்கும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

சண்டைக்குப் பிறகு

செம்ஸ் வாளைக் கடலில் எறிந்துவிட்டுக் குதித்தார். டீர்ஹவுண்ட் அவரையும் துணைத்தளபதி கெல்லையும் சேர்த்து 40க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு, கியர்சார்ஜிடம் ஒப்படைக்காமல் நேரே சவுத்தாம்ப்டனுக்குப் போனது. மீட்கச் சொன்னவர் வின்ஸ்லோவே. கைதிகளோடு போய்விடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாஷிங்டனில் இதற்காக அவரைக் குறை சொன்னார்கள். ஆனாலும் கொமொடோர் பதவி உயர்வு வந்தது. 1873இல் இறந்தார், செம்ஸ் 1877இல்.

வழக்கு அதற்குள் வேறு மேடைக்குப் போய்விட்டது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு இந்தக் கப்பலையும் இதுபோன்ற வேறு சிலவற்றையும் தப்பவிட்டதற்கு இழப்பீடு வேண்டும் என்று அமெரிக்கா பிரிட்டனைக் கேட்டது. இரண்டு நாடுகளும் போருக்குப் போகாமல் ஜெனீவாவில் நடுவர் குழு முன்னால் உட்கார்ந்தன. 1872 செப்டம்பரில் தீர்ப்பு: பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். எரிந்த கப்பலும் சரக்கும் கணக்கில் வந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, கப்பல்கள் கொடி மாறியது, போர் நீண்டது போன்ற மறைமுக இழப்புகளை நடுவர்கள் ஏற்கவில்லை. பிரிட்டன் முழுத் தொகையையும் கட்டியது. பட்டறையில் 290 என்ற எண்ணோடு நின்ற கப்பலைப் பற்றி 1862 ஜூலையில் அமெரிக்கத் தூதர் கொடுத்த புகார்களுக்கு உடனே செவிசாய்த்திருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு மிஞ்சியிருக்கும்.